உடைக்க எங்களுக்கு ஒரு டிஸ்க் கொடுங்க

98, 183, 37, 122, 14, 124, 65, 67.

இந்த எண்களைப் பார்த்ததும் "ஹெட் 53-ல இருக்கு" என்று உங்கள் மனசு தானாகச் சொன்னால், நீங்களும் ஓஎஸ் லேப் முடித்தவர்தான். எஃப்சிஎஃப்எஸ்-க்கு 640 சிலிண்டர், எஸ்எஸ்டிஎஃப்-க்கு 236. சி புரோகிராம் எழுதி, அவுட்புட்டை ரெக்கார்டில் ஒட்டி, கையெழுத்து வாங்கி, எக்ஸ்டர்னல் கேட்டபோது ஒப்பித்தும் முடித்தாச்சு. அந்த எக்ஸ்பெரிமென்ட்டில் எனக்கு 10-க்கு 10.

அதே செமஸ்டரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, என் ரூம்மேட்டின் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை நான் அழித்தேன்.

ஜூனியர்கள் நாலு பேருக்கு உபுண்டு போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஐஎஸ்ஓ ஃபைல் கிட்டத்தட்ட 6 ஜிபி. அதை பென்டிரைவில் எழுத மவுஸால் கிளிக் பண்ணும் சாஃப்ட்வேர் எத்தனையோ இருக்கு. ஆனால் நாம யாரு? டெர்மினலைத் திறந்து, சூடோ போட்டு, டிடி கமாண்டு அடித்தால்தானே பார்க்கிற ஜூனியருக்கு ஒரு மரியாதை வரும். முந்தின வாரமும் அதே வேலையைச் செய்திருந்தேன். அதனால் புதுசாகக்கூட டைப் பண்ணவில்லை. அப்-ஆரோ கீயைத் தட்டினேன், பழைய வரி வந்தது, என்டர்.

அந்த வரியில் 'எங்கே எழுதணும்' என்ற இடத்தில் எஸ்டிபி என்று இருந்தது. என் பழைய லேப்டாப்பின் உள் டிஸ்க் எஸ்டிஏ. போன வாரம் எஸ்டிபி என்றால் பென்டிரைவ். இந்த வாரம் நான் பென்டிரைவைச் செருகும் முன்பே ரூம்மேட் தன் ஹார்ட் டிஸ்க்கை என் லேப்டாப்பில் செருகி ஒரு படம் காப்பி பண்ணியிருந்தான். ஆக எஸ்டிபி அவனுடையது, பென்டிரைவ் எஸ்டிசி. லினக்ஸ் இந்தப் பெயர்களை டிஸ்க்குக்குப் பச்சை குத்தி வைப்பதில்லை. கண்டுபிடிக்கிற வரிசையில் கொடுக்கிறது. டவுன் பஸ்ஸில் சீட் பிடிப்பது மாதிரி, முதலில் ஏறியவனுக்கு முதல் சீட். இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். வைவாவில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பென்டிரைவின் லைட் சும்மா இருந்தது. ஹார்ட் டிஸ்க்கின் லைட் துடித்தது. ஐந்தாறு நொடி அதை வேடிக்கை பார்த்தேன். புரிந்ததும் கன்ட்ரோல்-சி. திரையில் கணக்கு 1.4 ஜிபியில் நின்றது. ஆனால் லைட் நிற்கவில்லை. டிடி செத்துவிட்டது, அது கெர்னலிடம் ஒப்படைத்துவிட்டுப் போன டேட்டா மட்டும் மெமரியில் வரிசை கட்டி நின்றது. கெர்னல் ரொம்பப் பொறுப்பாக அதையும் எழுதி முடித்தது. கேபிளைப் பிடுங்கணும் என்று தோன்றவே இல்லை, கை மரத்துப்போச்சு.

"மச்சி, உன் டிஸ்க்ல என்னடா இருந்துச்சு?"

"இருந்துச்சுன்னா என்னடா அர்த்தம்?" என்றான்.

இருந்தவை: படங்கள், மினி புராஜெக்ட் டேட்டாசெட், அக்கா கல்யாண போட்டோ. இதெல்லாம் எங்கேயாவது இன்னொரு காப்பி கிடைக்கும். அதோடு, போன வருஷம் தவறிப்போன அவன் தாத்தா ஊர்க் கதை சொல்வதை அவன் போனில் பதிவு செய்த 14 ஆடியோ. போனில் இடம் இல்லை என்று டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு போனில் டிலீட் பண்ணியிருந்தான். இதற்கு வேறு காப்பி கிடையாது.

அன்றைக்கு ராத்திரி எங்களைக் காப்பாற்றியது ஃபைனல் இயர் அண்ணன் ஒருவர். அவர் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "எதையும் தொடாதீங்க." இரண்டாவது வேலையாகத் தன் 2 டிபி டிஸ்க்கைக் கொண்டு வந்து, ரூம்மேட்டின் டிஸ்க் முழுவதையும் ஒரு பிட் விடாமல் அதில் ஒரே இமேஜ் ஃபைலாக எடுத்தார். எதை வைத்து? அதே டிடி. 'எங்கிருந்து', 'எங்கே' என்ற இரண்டு இடமும் சரியாக இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். என்டர் தட்டும் முன் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்-பிஎல்கே கமாண்டை மூன்று தடவை அடித்தார். ஒவ்வொரு தடவையும் சைஸையும் மாடல் பெயரையும் வாய்விட்டுப் படித்தார். எனக்குக் கொஞ்சம் ஓவராகத் தெரிந்தது. இப்போது நானும் அப்படித்தான் படிக்கிறேன்.

இமேஜ் எடுக்கவே விடிந்துவிட்டது. அதற்கப்புறம் டெஸ்ட்டிஸ்க் என்ற புரோகிராமை அந்த இமேஜ் மேல் ஓட்டினார், அசல் டிஸ்க் மேல் இல்லை. இங்கேதான் நான் இரண்டு வருஷம் படித்த ஃபைல்சிஸ்டம் முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. நான் எழுதிய 1.4 ஜிபியில் பார்ட்டிஷன் டேபிள் போச்சு, என்டிஎஃப்எஸ்-இன் பூட் செக்டார் போச்சு. ஆனால் என்டிஎஃப்எஸ் அந்த பூட் செக்டாருக்கு ஒரு நகலை பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் வைத்திருக்கும். அதை டெஸ்ட்டிஸ்க் கண்டுபிடித்தது. எந்த ஃபைல் எங்கே இருக்கு என்று எழுதிவைக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிள், விண்டோஸில் ஃபார்மட் செய்த பெரிய பார்ட்டிஷன்களில் வழக்கமாக 786432-ஆவது கிளஸ்டரில் தொடங்கும். ஒரு கிளஸ்டர் 4 கேபி என்றால், தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தள்ளி. நான் நிறுத்தியது 1.4-ல். ஐஎஸ்ஓ முழுசாக 6 ஜிபியும் இறங்கியிருந்தால் அந்த டேபிளின் தலையும் போயிருக்கும், ஃபைல் பெயர், ஃபோல்டர் எதுவும் இல்லாமல் துண்டு துண்டாகத்தான் பொறுக்கியிருக்கணும்.

படங்கள் வந்தன, கல்யாண போட்டோ வந்தது. 14 ஆடியோவில் 9 நல்லபடியாக வந்தன. 2 பாதியில் இரைச்சலாகின்றன. 3 பெயர் மட்டும் இருக்கு, திறந்தால் உள்ளே இருப்பது உபுண்டு.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "இதுக்குத்தான் ஜியூஐ யூஸ் பண்ணச் சொல்றது, எதுக்கு இந்த சீன்?" என்று ஒரு கட்சி. "கமாண்டு தெரியாதவன் ஏன்டா டெர்மினலத் தொடுறான்?" என்று இன்னொரு கட்சி. சீன் போட்டது உண்மை, அதை ஒத்துக்கிறேன். ஆனால் இரண்டு கட்சியும் தப்பு என்பது என் கருத்து. எனக்குக் கமாண்டு தெரியும். 2 மார்க், 13 மார்க் எதில் கேட்டாலும் எழுதுவேன். டிஸ்க்தான் தெரியாது. டிஸ்க் என்று ஒன்று எப்படி இருக்கும், எங்கே தொட்டால் எது உடையும், உடைந்ததில் எது மிச்சம் இருக்கும் என்பது, அடுத்தவன் டிஸ்க்கை உடைத்த பிறகுதான் தெரிந்தது. நம்ம லேப் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்கணும். அதுவும் உடைக்கவிட்டுக் கற்றுக்கொடுக்கணும்.

ஜியூஐ கட்சிக்கு முதலில் பதில். பாதுகாப்பு என்று பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கு. பென்டிரைவில் ஐஎஸ்ஓ எழுதும் நல்ல சாஃப்ட்வேர்கள் வெளியே கழற்றக்கூடிய டிஸ்க்குகளை மட்டும் காட்டும், "நிச்சயமா?" என்று கேட்கும். ஆனால் அந்த ஜன்னல் நாலு தனித்தனி விஷயங்களை ஒரே ஐகானாக நசுக்கிக் காட்டுகிறது. கீழே இருப்பது டிஸ்க், அதாவது நிலம். அதன் மேல் பார்ட்டிஷன், அதாவது பாகப்பிரிவினை. அதற்குள் ஃபைல்சிஸ்டம், எந்தப் பொருள் எந்த அறையில் என்று எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளை. கடைசியாக மவுண்ட் பாயின்ட், அந்த வீட்டுக்குப் போகும் வாசல். விண்டோஸில் 'டி டிரைவ்' என்று வளர்ந்த நமக்கு இந்த நாலும் ஒன்றுதான். அதனால்தான் பார்ட்டிஷன் டேபிள் அழிந்ததும் "எல்லாம் போச்சு" என்று அலறுகிறோம். பத்திரம் எரிந்துபோனால் நிலமும் எரிந்துவிடுமா? இந்த நாலையும் தனித்தனியாகப் பார்க்கிற கண்ணைக் கமாண்ட் லைன் கொடுக்கிறது. எல்எஸ்-பிஎல்கேயை மைனஸ் எஃப் போட்டு ஒரு தடவை அடித்துப் பாருங்கள். டிஸ்க், அதன் கீழே கிளை மாதிரி பார்ட்டிஷன்கள், ஒவ்வொன்றிலும் என்ன ஃபைல்சிஸ்டம், அதன் யூயூஐடி, எங்கே மவுண்ட் ஆகியிருக்கு, எல்லாம் ஒரே திரையில். நான் படித்த மூன்று யூனிட்டும் அந்தப் பத்து வரியில் இருக்கு.

ஜன்னல் எப்போதும் உண்மை பேசும் என்றும் நினைக்காதீங்க. லினக்ஸில் பென்டிரைவுக்குப் பெரிய ஃபைல் காப்பி பண்ணும்போது பச்சைப் பட்டை ஓடி முடிந்துவிடும், டேட்டா இன்னும் ரேமில் இருக்கும். நம்பிப் பிடுங்கினால் செமினார் ஹாலில் பிபிடி திறக்காது. நம்ம கிளாஸில் இது நடக்காத செமஸ்டரே இல்லை. டெர்மினலில் சிங்க் என்று அடித்துவிட்டு, பிராம்ப்ட் திரும்பி வரும்வரை காத்திருந்தால் போதும். அது வரவில்லை என்றால் இன்னும் எழுதிக்கொண்டிருக்கு என்று அர்த்தம்.

இன்னொரு சம்பவம் சொல்கிறேன், இதில் நான் குற்றவாளி இல்லை. மாடல் பிராக்டிகல் அன்று எங்கள் லேப் சர்வரில் யாராலும் ஃபைல் சேவ் பண்ண முடியவில்லை. டிவைஸில் இடமில்லை என்று எரர். டிஎஃப் அடித்தால் 100 சதவீதம் நிரம்பிவிட்டது என்கிறது. டியூ வைத்து ஒவ்வொரு ஃபோல்டராகக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. பெரிய லாக் ஃபைல் ஒன்று இருந்ததே, அதைக் காலையிலேயே டிலீட் பண்ணியாச்சே என்றார்கள். கடைசியில் சர்வரை ரீபூட் பண்ணினார்கள், இடம் வந்துவிட்டது. எல்லாரும் கைதட்டிவிட்டு எக்ஸாமுக்கு உட்கார்ந்தோம்.

ஏன் வந்தது? யாரும் கேட்கவில்லை. யூனிக்ஸில் ஆர்எம் ஃபைலை அழிப்பதில்லை, பெயரை அழிக்கிறது. பெயர் போனாலும் ஏதாவது ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் அதன் பிளாக்குகள் அப்படியே இருக்கும். டியூ பெயர் வழியாகப் போய் எண்ணுகிறது, அதனால் அதன் கண்ணில் படாது. டிஎஃப் ஃபைல்சிஸ்டத்திடம் நேராகக் கேட்கிறது, அதனால் சரியாகச் சொல்கிறது. எல்எஸ்ஓஎஃப் என்ற கமாண்டு வைத்து, பெயர் இல்லாமல் திறந்து கிடக்கும் ஃபைலை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த ஒரு புரோகிராமை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஐநோட், லிங்க் கவுண்ட் என்று போர்டில் படம் போட்டு ஒரு மணி நேரம் நடத்திய பாடம் அன்றைக்கு லேபுக்குள்ளேயே வந்து நின்றது. நாங்கள் 60 பேரும் அதை அடையாளம் தெரியாமல் ரீபூட் பண்ணி அனுப்பிவிட்டோம்.

இப்போது இரண்டாவது கட்சி, "தெரியாதவன் தொடக்கூடாது" என்பவர்கள். தெரிந்தவர்கள் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 2017 ஜனவரி 31. கிட்லேப் கம்பெனியின் இன்ஜினியர் ஒருவர் ராத்திரி நேரத்தில், டேட்டாபேஸின் நகல் சர்வர் சரியாக ஓடாததைச் சரிசெய்துகொண்டிருந்தார். நகல் சர்வரில் இருக்கும் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக நகலெடுக்கலாம் என்று அழிக்கும் கமாண்டை அடித்தார். ஆனால் அவருடைய டெர்மினல் இருந்தது அசல் சர்வரில். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். 300 ஜிபி சுமாரில் 4.5 ஜிபி மிச்சம். பேக்கப் இருந்ததா? ஒன்றல்ல, பல விதமாக இருந்தது. ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தினமும் எடுப்பதாக நினைத்திருந்த டேட்டாபேஸ் டம்ப், வெர்ஷன் பொருந்தாததால் எடுக்கப்படாமலே இருந்தது, அது யாருக்கும் தெரியவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட் தற்செயலாக இருந்ததால் பிழைத்தார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. கம்பெனி அதை மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். நடந்ததை மணிவாரியாக எழுதி வெளியிட்டார்கள். எந்த சர்வரில் இருக்கிறோம் என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி டெர்மினல் பிராம்ப்ட்டை மாற்றுவதும் அவர்கள் போட்ட வேலைப் பட்டியலில் ஒன்று. அனுபவசாலிகளுக்கே இந்தத் தப்பு நடக்கும் என்று ஏற்றுக்கொண்டு யோசித்தால்தான் அப்படி ஒரு சின்ன, உருப்படியான வேலை தோன்றும். "தெரியாதவன் தொடாதே" என்பதிலிருந்து அது தோன்றாது.

நம்ம ஊர் லேபில் என்ன செய்கிறோம்? சூடோ கிடையாது. யூஎஸ்பி போர்ட் மூடியிருக்கு. லேப் அசிஸ்டென்ட் அண்ணனைக் குறை சொல்லவில்லை. 60 மெஷினை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர், எங்க கையில் ரூட் கொடுத்தால் சாயங்காலம் எத்தனை மெஷின் பூட் ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் விளைவு என்ன? நாங்கள் முதல் முதலாகத் தொடுகிற நிஜ டிஸ்க், சொந்த லேப்டாப்பின் டிஸ்க். அல்லது ரூம்மேட்டின் டிஸ்க். வீட்டில் அக்காவுக்கு ஸ்கூலில் கிடைத்த அரசு லேப்டாப், பாஸ் லினக்ஸோடு வந்தது, அதில்தான் நான் முதலில் பார்ட்டிஷனைக் கலைத்தேன். அன்றைக்கு அவள் ரெஸ்யூமே போச்சு. அதைச் சின்ன விஷயம் என்று அப்போது விட்டதுதான் பின்னால் பெரிதாக வந்தது.

சூடோவே இல்லாமல், ஒரு பைசா செலவில்லாமல் இதை லேபில் செய்யலாம். டிடி செய்த தப்புக்குப் பரிகாரமாக ஒரு மாதம் உட்கார்ந்து படித்ததில் எனக்குக் கிடைத்த நல்ல செய்தி இது ஒன்றுதான். லினக்ஸில் டிஸ்க்கும் ஒரு ஃபைல்தான் என்று படிக்கிறோம் இல்லையா? அதைத் திருப்பிப் போடுங்கள். ஒரு ஃபைலையே டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.

நம்ம ஹோம் ஃபோல்டரில் ட்ரங்கேட் கமாண்டால் 1 ஜிபி சைஸில் காலி ஃபைல் ஒன்று உண்டாக்குங்கள். எல்எஸ் மைனஸ் எல் அதை 1 ஜிபி என்று காட்டும், டியூ பூஜ்ஜியம் என்று சொல்லும். முதல் பாடம் அங்கேயே ஆரம்பம்: சைஸ் வேறு, பிடித்திருக்கும் இடம் வேறு. அதன் மேல் எம்கேஎஃப்எஸ் வைத்து ஈஎக்ஸ்டி4 ஃபார்மட் பண்ணுங்கள். நம்ம சொந்த ஃபைல் என்பதால் ரூட் கேட்காது. மவுண்ட் பண்ணத்தான் ரூட் வேணும். அதற்குப் பதிலாக டீபக்-எஃப்எஸ் என்ற புரோகிராமை எழுதும் மோடில் திறந்தால், மவுண்ட் பண்ணாமலே உள்ளே போய் ஃபைலை வைக்கலாம், எடுக்கலாம், ஐநோட்டைப் பிரித்துப் பார்க்கலாம். உங்கள் ரெக்கார்ட் புரோகிராம் ஒன்றை உள்ளே வையுங்கள். அது எந்த பிளாக்கில் உட்கார்ந்திருக்கு என்று நம்பரோடு காட்டும். இன்டெக்ஸ்டு அலொகேஷன் என்று சி புரோகிராமில் அரேயை வைத்து நடித்ததற்குப் பதில், நிஜமான ஒன்று.

இப்போது உடையுங்கள். டிடி வைத்து அந்த ஃபைலின் முதல் 4 கேபியைப் பூஜ்ஜியத்தால் நிரப்புங்கள். ஜூனியர்களோடு இதைச் செய்தபோது ஒருத்தன் நோ-ட்ரங்க் என்ற ஆப்ஷனை விட்டுவிட்டான். டிடி அவன் ஃபைலை முழுசாக வெட்டி, 1 ஜிபி டிஸ்க்கை 4 கேபி ஆக்கிவிட்டது. எல்லாரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். இரண்டு நிமிஷத்தில் புது டிஸ்க் தயார். அந்த ஆப்ஷனை அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். நான் கேட்பது இந்தச் சிரிப்பைத்தான்.

சரியாகச் செய்தவர்களுக்கு என்ன ஆகும்? சூப்பர்பிளாக் போயிருக்கும். டீபக்-எஃப்எஸ்ஸில் திறக்கப் பார்த்தால் சூப்பர்பிளாக்கின் மேஜிக் நம்பர் சரியில்லை என்று கையை விரிக்கும். இங்கேதான் வயிற்றைக் கலக்கும், பொய் டிஸ்க் என்று தெரிந்தும் கலக்கும். அப்புறம் எஃப்எஸ்-செக்குக்கு மைனஸ் பி போட்டு 32768 என்று கொடுங்கள். 4 கேபி பிளாக் உள்ள ஈஎக்ஸ்டி4-ல் சூப்பர்பிளாக்கின் முதல் நகல் அந்த பிளாக்கில் இருக்கும். அது அந்த நகலை எடுத்து, சரிபார்த்து, அசல் இடத்தில் திரும்ப எழுதும். உங்கள் ரெக்கார்ட் புரோகிராம் உயிரோடு வரும். இதே பரிசோதனையை 100 எம்பி ஃபைலில் 4 கேபி பிளாக் வைத்துச் செய்தால் நகலே இருக்காது, ஏனென்றால் அந்த டிஸ்க் ஒரே ஒரு பிளாக் குரூப்பில் முடிந்துவிடும். ஏன் என்று மாணவர்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும். 98, 183, 37-ஐ விட இது நல்ல கணக்கு.

"சிலபஸ்ல இல்லையே தம்பி" என்று சொல்லப்பட்டது. இருக்கு. ஃபைல் அலொகேஷன், டிஸ்க் மேனேஜ்மென்ட், எல்லாம் யூனிட் தலைப்பாகவே இருக்கு. புதிதாக எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. இருக்கிற மூன்று மணி நேரத்தில் ஒரு ஸ்லாட் போதும். தலை நகர்கிற டிஸ்க்கே இல்லாத லேப்டாப்பில் சிலிண்டர் கணக்குப் போடுகிறோம். என்விஎம்இ எஸ்எஸ்டி போட்ட மெஷினில் கெர்னலிடமே என்ன ஷெட்யூலர் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் 'நன்' என்று வரும், அதாவது ஒன்றும் இல்லை. அல்காரிதம் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஹார்ட் டிஸ்க்குகள் டேட்டா சென்டர்களில் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கு. ஒன்றைக் காகிதத்தில் படித்தால் இன்னொன்றைக் கையால் செய்வோம் என்கிறேன்.

"எல்லாம் கிளவுட் ஆயிடுச்சு, இனிமே யாரு டிஸ்க்கப் பாக்கப் போறா?" என்பதும் அடிக்கடி வருகிறது. கிளவுட்டில் ஒரு மெஷின் எடுத்து, அதற்கு ஒரு வால்யூம் சேர்த்துப் பாருங்கள். அது வெறும் டிஸ்க்காக வந்து நிற்கும். எல்எஸ்-பிஎல்கே அடித்துக் கண்டுபிடிக்கணும், எம்கேஎஃப்எஸ் போடணும், மவுண்ட் பண்ணணும், ரீபூட்டுக்கு அப்புறமும் நிற்க எஃப்எஸ்-டேபில் யூயூஐடி எழுதணும். கையில் டிஸ்க்கே இல்லாததால், லைட் துடிப்பதைப் பார்த்துச் சுதாரிக்கும் வாய்ப்பும் கிடையாது.

இன்னொன்றும் சொல்லணும். எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் இனி எல்லாருக்கும் கிடைக்காது. ரூம்மேட்டுடையது பழைய சுற்றுகிற டிஸ்க், மேலே எழுதப்படாத இடமெல்லாம் அப்படியே கிடந்தது. எஸ்எஸ்டி என்றால் கதை வேறு. அதில் தப்பான டிவைஸின் மேல் ஈஎக்ஸ்டி4 ஃபார்மட் அடித்தால், எம்கேஎஃப்எஸ் முதல் வேலையாக "இந்த இடம் எதுவும் தேவையில்லை" என்று டிரைவுக்கே தகவல் அனுப்பிவிடும். பெரும்பாலும் டெஸ்ட்டிஸ்க் வந்து பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பத்திரத்தோடு நிலமும் போகிற காலம் வந்துவிட்டது. ஆகவே உடைத்துப் பழகுவதைப் பொய் டிஸ்க்கிலேயே முடித்துக்கொள்வது முன்பைவிட இப்போது அவசரம்.

டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மேலே சொன்ன பரிசோதனை, அதற்கான கமாண்டுகள், ரூட் தேவையில்லை என்பதற்கு லேப் மெஷினிலேயே ஓட்டி எடுத்த அவுட்புட், எல்லாம் இணைத்து. ஓஎஸ் லேப் எடுக்கும் மேடம் அதைப் படித்துவிட்டு, "டிடி-ய ஸ்டூடென்ட்ஸ்க்குக் கத்துக்குடுக்கறது சேஃபா?" என்று கேட்டார். இந்தக் கட்டுரை அவருக்கான பதிலும்கூட. பதில் வரும்வரை சனிக்கிழமை சாயங்காலங்களில் ஹாஸ்டல் ஸ்டடி ஹாலில் நாங்களே நடத்துகிறோம். லேப்டாப் மட்டும் கொண்டு வாங்க. எக்ஸ்டர்னல் டிஸ்க் எதையும் செருகிக்கொண்டு வராதீங்க.

ரூம்மேட் இன்னும் ரூம்மேட்டாகத்தான் இருக்கிறான். தேறிய ஒன்பது ஆடியோவும் இரைச்சல் போட்ட இரண்டும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன, அதில் ஒன்று என் லேப்டாப். போன வாரம் ராத்திரி ஹெட்செட் போட்டு அதில் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தான். கண்மாயில் மீன் பிடிக்கப் போன கதை, பாதியில் நின்றுவிடும் என்று எனக்கும் தெரியும். இந்தக் கட்டுரைக்காக அவன் டிஸ்க்கின் மாடல் பெயரை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

"நான் படிச்சுச் சொல்றேன். நீ எழுதிக்கோ" என்றான்.